ஓவர்ஹால் முடிந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மறுபடி ஸ்லிப் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, கிளட்ச் பிளேட்டும் சீலும் புதிதாகப் போட்டு ஏற்றியாகிவிட்டது. செலவும் கொஞ்சமில்லை. வண்டி கைக்கு வந்து சில நாளிலேயே ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. டார்க் கன்வெர்ட்டரும் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கிளட்ச் பேக்குகளும் (அடுக்கடுக்கான கிளட்ச் பிளேட்டுகள்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் பற்றித்தான் இங்கே பேச்சு. சிவிடி, டூயல் கிளட்ச், ஏஎம்டி ஆகியவற்றின் அமைப்பே வேறு.

என் வண்டியில் நடப்பது ஸ்லிப்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்பிஎம் முள்ளையும் ஸ்பீடோமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். மிதித்ததும் ஆர்பிஎம் சரசரவென்று ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் ஸ்லிப். ஆர்பிஎம்மும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை, வண்டி மந்தமாக இருக்கிறது என்றால் கோளாறு எஞ்சின் பக்கம் இருக்கலாம்: மிஸ்ஃபயர், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், எரிபொருள் அழுத்தக் குறைவு இப்படி ஏதாவது. கியர்பாக்ஸில் இப்போதுதான் வேலை பார்த்தார்கள் என்பதால் எல்லாப் பழியும் அதன்மேல் விழுவது வழக்கம். அதில் ஏமாறக் கூடாது.

ஸ்லிப்பிலும் வகைகள் உண்டு. ஒரு கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வழுக்குவது ஒன்று. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நொடியில் மட்டும் ஆர்பிஎம் எகிறிப் பின் அடங்குவது இன்னொன்று. பார்க்கிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் கியர் பிடிக்கிறது என்றால் அது தாமதம். மெக்கானிக்கிடம் 'ஸ்லிப் ஆகுது' என்று மட்டும் சொல்லாமல், இதில் எது, எந்த கியரில், சூடானபிறகா குளிரிலா என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

புதுப் பிளேட் செட் ஆகும்வரை அப்படித்தான் இருக்கும், ஓட்டிக்கொண்டே இருங்கள் என்கிறார்களே?

ஓட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கிளட்ச் பிளேட்டின் மேல் இருப்பது காகிதம் போன்ற நாரால் ஆன மெல்லிய உராய்வுப் படலம். ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, இந்தப் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறுகாமல் உரசிக்கொண்டே சுற்றினால் அங்கே சூடு பறக்கும். படலம் முதலில் கண்ணாடி போலப் பளபளப்பாகி, பிறகு கருகி உதிரும். அந்த நிலைக்குப் போனபின் ஆயில் குறைவோ, மின்சாரத்தால் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டோ, மூலக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாலும் பிளேட் பிடிக்காது. வெளியிலிருந்தே தீர்ந்திருக்க வேண்டிய கோளாறு மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் வேலையாக மாறிவிடும்.

புதுப் பிளேட் படிந்து வர முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது உண்மைதான். அந்தக் காலத்தில் கியர் மாறும் உணர்வு சற்றுக் கடினமாகவோ சற்று மென்மையாகவோ இருக்கலாம். எஞ்சின் தனியாகக் கத்துவது அந்தக் கணக்கில் சேராது. பட்டறைக்குப் போகவேண்டுமென்றால் இழுவை வண்டியில் ஏற்றிப் போவது நல்லது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆயில் அளவு. ஓவர்ஹாலுக்குப் பின் வரும் ஸ்லிப்புக்கு இதைவிட எளிய காரணம் கிடையாது. அப்படியிருந்தும் இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள்.

பிரித்துக் கட்டிய கியர்பாக்ஸ் உள்ளே வெறுமையாக இருக்கும். டார்க் கன்வெர்ட்டரும் புதிது என்றால் அதுவும் காலி, ஆயிலைக் குளிர்விக்கும் கூலரும் குழாய்களும் காலி. வழக்கமான சர்வீஸில் ஆயில் பேனை (அடியில் ஆயில் தேங்கும் தட்டை) இறக்கி ஊற்றும் அளவு இதற்குப் போதாது. ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ கியர்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பேனை இறக்கினால் வெளியே வருவது சுமார் 5 லிட்டர்தான். முழுதாகக் காலியான பெட்டிக்கோ 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும். முதல் ஸ்டார்ட்டில் கன்வெர்ட்டர் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும், அளவு சட்டென்று கீழே இறங்கும். அப்போது மறுபடி ஊற்றி, எல்லாக் கியரிலும் லீவரை நிதானமாக நகர்த்தி, சூடானபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இதில் ஒரு படி விட்டுப்போனாலும் பம்ப் காற்றைச் சேர்த்து உறிஞ்சும்.

டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது, சமதளத்தில், லீவர் பார்க்கில், ஆயில் சூடாக இருக்கும்போது அளவு பார்ப்பார்கள். நியூட்ரலில் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. பல ஹோண்டாக்களில் எஞ்சினை அணைத்த உடனே, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். உங்கள் மாடலின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில் அடியில் ஒரு போல்ட் இருக்கும். ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில், பல மாடல்களில் 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் அளவில், இருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு அதைத் திறந்தால் மெல்லிய தாரையாக வழிந்து சொட்ட வேண்டும். ஆயில் அதைவிடச் சூடாக இருக்கும்போது திறந்தால், விரிந்திருக்கும் ஆயில் கூடுதலாக வழிந்துபோகும். பார்ப்பவருக்கு 'அளவு சரி' என்று தோன்றும். உண்மையில் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ குறைவாக இருக்கும். ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே செய்தார்களா என்று கேளுங்கள்.

கூடுதலாக ஊற்றிவிட்டால் நல்லதுதானே?

இல்லை. அளவு மிஞ்சினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை என்பது பாதி காற்று. காற்று அமுங்கும், அழுத்தம் நிற்காது. குறைவாக இருந்தாலும் ஸ்லிப், அதிகமாக இருந்தாலும் ஸ்லிப்.

வேறு ஆயிலை ஊற்றியிருந்தால்?

கோளாறு வரலாம். டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, டொயோட்டா டபிள்யூஎஸ், ஏடிஎஃப் பிளஸ் 4 இவையெல்லாம் பார்க்க ஒரே சிவப்பாக இருந்தாலும் உராய்வுத் தன்மையிலும் பாகுத்தன்மையிலும் வேறுபடும். தவறான ஆயிலால் பெரும்பாலும் முதலில் தெரிவது லாக்அப் நேரத்தில், அதாவது டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும்போது, வரும் நடுக்கம். எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கியர் லீவரும் கேபிளும் காரணமாக இருக்குமா?

இருக்கும். கியர்பாக்ஸை ஏற்றும்போது லீவர் கேபிளைக் கழற்றி மாட்டுகிறார்கள். அது ஒரு சில மில்லிமீட்டர் தள்ளி நின்றால் உள்ளே லீவரோடு நகரும் மேனுவல் வால்வ் தன் பள்ளத்தில் முழுதாக உட்காராது. டிரைவுக்குப் போகவேண்டிய ஆயில் ஓரமாகக் கசியும். ஸ்லிப் ஆகும்போது லீவரை டிரைவிலேயே வைத்து லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிடிப்பு மாறினால் கேபிளைச் சரிசெய்தாலே போதும்.

பழைய மாடல்களில் இன்னொரு கேபிள் உண்டு, த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போவது. ஜெனரல் மோட்டார்ஸ் 700ஆர்4 போன்ற பெட்டிகளில் மிதிக்கும் அளவுக்கேற்ப ஆயில் அழுத்தத்தை ஏற்றுவதே அந்தக் கேபிள்தான். அது தளர்வாக மாட்டப்பட்டால் எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் ஏறாது. புத்தம்புதுக் கிளட்ச் சில கிலோமீட்டரிலேயே கருகிவிடும். அந்த வகை வண்டி என்றால் கேபிளைச் சரிபார்க்காமல் தெருமுனைவரைகூட ஓட்ட வேண்டாம்.

எந்த கியரில் ஸ்லிப் ஆகிறது என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒவ்வொரு கியருக்கும் எந்தக் கிளட்ச், எந்தப் பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை), எந்த ஒருவழிக் கிளட்ச் (ஒரு திசையில் மட்டும் பிடிப்பது) பிடிக்கிறது என்று ஓர் அட்டவணை ஒவ்வொரு பெட்டிக்கும் இருக்கிறது. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், பெட்டியைத் திறக்காமலே குற்றவாளியை நெருங்கிவிடலாம். நல்ல மெக்கானிக்கையும் அனுமானத்தில் பாகம் மாற்றுபவரையும் பிரித்துக் காட்டுவது இந்தப் பழக்கம்தான் என்பது என் கருத்து.

4எல்60-இ பெட்டியையே மறுபடி பாருங்கள். அதில் 3-4 கிளட்ச் என்ற ஒன்று மூன்றிலும் நான்கிலும் பிடிக்கும். முதலும் இரண்டும் நன்றாக இழுத்து, மூன்றிலும் நான்கிலும் ஆர்பிஎம் எகிறினால் கை அங்கேதான் போகும். 2-4 பேண்ட் இரண்டிலும் நான்கிலும் பிடிக்கும். இரண்டும் நான்கும் கெட்டு மூன்று நன்றாக இருந்தால் பேண்டையோ அதை இறுக்கும் சர்வோவையோ பார்க்க வேண்டும். ரிவர்ஸும் சேர்ந்து போய்விட்டால், அதாவது ஒன்றும் மூன்றும் மட்டுமே மிச்சம் என்றால், சன் ஷெல் எனும் பாகம் உடைந்திருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். இந்தப் பெட்டியில் பேர்போன கோளாறு அது.

டிஹெச்400 போன்ற மூன்று கியர் பெட்டியில் டைரக்ட் கிளட்ச் மூன்றிலும் ரிவர்ஸிலும் வேலை செய்கிறது. ரிவர்ஸும் மூன்றும் ஒருசேர வழுக்கினால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பல வண்டிகளுக்குப் பொருந்தக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. டிரைவில் முதல் கியர் வழுக்குகிறது, ஆனால் லீவரை 'எல்' அல்லது '1'-இல் போட்டால் பிடித்து இழுக்கிறது என்று வையுங்கள். பல பெட்டிகளில் கையால் முதல் கியர் போடும்போது லோ-ரிவர்ஸ் கிளட்ச்சும் சேர்ந்து பிடிக்கும். டிரைவில் ஒருவழிக் கிளட்ச் தனியாகவே தாங்கும். ஆகவே ஒருவழிக் கிளட்ச்தான் தேய்ந்திருக்கிறது, அல்லது ஓவர்ஹாலின்போது திருப்பிப் போடப்பட்டிருக்கிறது.

எல்லாக் கியரிலும், ரிவர்ஸிலும்கூட வழுக்கினால் தனி ஒரு கிளட்ச்சைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஆயில், ஃபில்ட்டர், பம்ப், பிரதான அழுத்தம். தேடலை அங்கே வையுங்கள்.

குளிரில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் வழுக்குகிறது. ஏன்?

சூட்டில் ஆயில் இளகி நீர்த்துவிடும். குளிர்ந்த கெட்டியான ஆயில் நுழைய முடியாத இடுக்கு வழியாக இப்போது கசியும். தேய்ந்த பம்ப், வால்வ் பாடியில் (ஆயிலை அந்தந்தக் கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் பாகம்) வால்வ் ஓடும் துளையின் தேய்மானம், ஆயில் கசியாமல் தடுக்கும் டெஃப்லான் வளையம் வெட்டுப்பட்டிருப்பது எல்லாம் சூட்டில்தான் வெளியே தெரியும். குளிர்ந்த வண்டியில் இரண்டு தெரு சுற்றிவந்து 'ஒன்றும் இல்லையே' என்று சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஆயில் 80, 90 டிகிரிக்கு வந்தபின் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நேரம் ஆயில் 120 டிகிரியைத் தாண்டிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். தாண்டினால் கூலர் வழியாக ஓட்டம் சரியில்லாமல் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வழுக்கி, சூடானதும் சரியாகிவிட்டால் பழைய, கெட்டிப்பட்ட சீல் உள்ளேயே விடப்பட்டிருக்கலாம்.

ஸ்கேனரில் என்ன பார்க்க வேண்டும்?

பி0700 என்ற கோளாறு கோட் மட்டும் வந்தால் அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறு கோட் காத்திருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. மலிவான ஸ்கேனர் பலவும் அதோடு நின்றுவிடும். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை. பி0731 முதல் பி0735 வரை முதல் கியரிலிருந்து ஐந்தாம் கியர் வரை தனித்தனியாகச் சொல்லும். பி0741 லாக்அப் கிளட்ச் பிடிக்கவில்லை என்பது. பி0868 அழுத்தக் குறைவு. பி0894 பாகம் வழுக்குவதையே நேராகச் சொல்லும் கோட்.

கோட் வந்தால் பாகத்தை மாற்று என்று அர்த்தமில்லை. பி0733 என்பது மூன்றாம் கியர் பிடிக்கவில்லை என்ற செய்தி. ஏன் பிடிக்கவில்லை என்பதை ஆயில் அழுத்தத்தை அளக்கும் கேஜ்தான் சொல்லும்.

எஞ்சின் சென்சாரையும் ஒரு பார்வை பாருங்கள். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ளே போகும் காற்றைக் குறைத்துக் காட்டினால், எஞ்சினில் சுமை கம்மி என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸ் அழுத்தத்தையும் குறைத்துவிடும். பெட்டியில் எந்தக் குறையும் இல்லாமலேயே அது வழுக்கும்.

அடாப்டேஷன் ரீசெட் செய்யவில்லை என்கிறார்கள். அதனால் ஸ்லிப் வருமா?

வரலாம். தேய்ந்த பழைய கிளட்ச்சுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பழகிவைத்த கணக்கு நினைவில் இருக்கும். புதுக் கிளட்ச்சின் இடைவெளி வேறு. பழைய கணக்கோடு ஓட்டினால் மாறும் நொடியில் ஆர்பிஎம் எகிறலாம், அல்லது தடால் என்று இடிக்கலாம். ஸ்கேனரில் பழைய மதிப்புகளை அழித்து, தயாரிப்பாளர் சொல்லும் முறையில் ஓட்டிப் பழக்க வேண்டும். வால்வ் பாடியோ பெட்டியோ மாறியிருந்தால், சில டொயோட்டா மாடல்களில் புதுப் பாகத்தோடு வரும் ஈடுசெய் கோட் எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ரீசெட் என்பது கியர் மாறும் நொடியில் வரும் கோளாறுக்கான பதில். ஒரே கியரில் நிலையாக ஓடும்போது வழுக்கினால் ரீசெட் அதைத் தீர்க்காது.

பிரஷர் டெஸ்ட் அவசியமா?

மறுபடி பெட்டியை இறக்குவதற்கு முன் கட்டாயம் அவசியம். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய பிளக் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, 300 பிஎஸ்ஐ வரை அளக்கும் கேஜை மாட்டுவார்கள். ஐடிலில், டிரைவில் 50, 60 பிஎஸ்ஐ காட்டும் பெட்டிகள் நிறைய. ரிவர்ஸில் மிதிக்கும்போது 200-ஐத் தாண்டும். சரியான எண்ணை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு சோதனை வழக்கை இரண்டாகப் பிரித்துவிடும். அழுத்தம் எங்குமே குறைவு என்றால் ஆயில், ஃபில்ட்டர், பம்ப், ரெகுலேட்டர் வால்வ், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு. அழுத்தம் சரியாக நின்றும் ஒரு கியர் மட்டும் வழுக்கினால் அந்தக் கிளட்ச்சுக்குப் போகும் வழியில் கசிவு, அல்லது கிளட்ச் ஏற்கனவே கருகியாகிவிட்டது. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

பல மாடல்களில் அழுத்த சோலினாய்டுக்கு மின்சாரம் நின்றால் அழுத்தம் முழு அளவுக்கு ஏறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அனுபவமுள்ளவர் கனெக்டரைக் கழற்றிவிட்டு கேஜைப் பார்ப்பார். அப்போது அழுத்தம் ஏறினால் பம்ப் பிழைத்தது. குறை வயரிங், சோலினாய்டு, கம்ப்யூட்டர் பக்கம்.

ஸ்டால் டெஸ்ட் நானே செய்யலாமா?

வேண்டாம். பிரேக்கை அழுத்திக்கொண்டு முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும் சோதனை அது. ஐந்து விநாடிக்கு மேல் போனால் கன்வெர்ட்டரில் ஆயில் கொதிக்கும். ஏற்கனவே வழுக்கும் பெட்டிக்கு அதுவே கடைசி அடியாகிவிடும்.

ஓவர்ஹாலில் என்னென்ன தவறு நடந்திருக்கலாம்?

அடிக்கடி நடப்பது ஃபில்ட்டர் கழுத்து சீல். பேனைக் கழற்றி ஃபில்ட்டரை இழுக்கும்போது பழைய சீல் துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அதன்மேல் புதுசை அழுத்தினால் ஒன்று வெட்டுப்படும் அல்லது சாய்ந்து நிற்கும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடிப்பது போலப் பம்ப் திணறும். நல்ல செய்தி, இதற்குப் பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

பிஸ்டனை டிரம்முக்குள் இறக்கும்போது சீலின் உதடு மடங்கிவிடுவது இன்னொன்று. டெஃப்லான் வளையத்தை விரித்துப் போட்டபின் அதற்கான கருவியால் மறுபடி சுருக்க வேண்டும். சுருக்காமல் செருகினால் ஓரம் சீவிக்கொள்ளும். வால்வ் பாடியில் உருளும் சின்னச் சின்ன செக் பால்களில் ஒன்று விட்டுப்போனாலோ இடம் மாறினாலோ ஒரு கியர் முழுதாகக் கெடும். கிளட்ச் பேக்கில் இடைவெளி அளக்காமல் கட்டுவது, உலர்ந்த பிளேட்டை ஆயிலில் ஊறவைக்காமல் போடுவது, கீறல் விழுந்த பழைய ஸ்டீல் பிளேட்டையே மறுபடி போடுவது என்று பட்டியல் நீளும்.

இவற்றில் பலவற்றைக் கட்டும்போதே பிடித்திருக்கலாம். ஒவ்வொரு கிளட்ச்சின் ஆயில் துளையிலும் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் பிஸ்டன் 'டப்' என்று நகர்ந்து பிடிக்கும் சத்தம் கேட்கும். 'உஸ்' என்று கசிந்தால் சீல் போச்சு. சில நிமிட வேலை. இதைச் செய்தீர்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

தேய்ந்த வால்வ் பாடியைக் கழுவி அப்படியே மாட்டுவதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். கிளட்ச் பிளேட் கருகியதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கலாம். விளைவை மாற்றிவிட்டுக் காரணத்தை உள்ளேயே விட்டால் புதுப் பிளேட்டும் அதே வழியில்தான் போகும்.

டார்க் கன்வெர்ட்டரையும் கூலரையும் மாற்றவில்லை. பரவாயில்லையா?

முந்தைய முறை பிளேட் கருகியிருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கருகிய தூளும் இரும்புத் துகளும் கன்வெர்ட்டருக்குள் தங்கும். அது வெல்டிங் செய்து மூடிய பாகம், வெளியே கழுவி முழுதாகச் சுத்தம் பண்ண முடியாது. கூலரிலும் அதே குப்பை. முதல் நாளே அது புது வால்வ் பாடிக்குள் வந்து ஒரு வால்வைச் சிக்கவைத்தால் போதும்.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஆர்பிஎம் மேலும் கீழும் ஆடுகிறது.

அது கியர் ஸ்லிப் இல்லாமல் லாக்அப் கிளட்ச்சாக இருக்கலாம். ஆக்சிலேட்டரை அப்படியே வைத்து, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொட்டுப் பாருங்கள்; பின்னால் வண்டி இல்லாத இடமாக இருக்கட்டும். லாக்அப் பிடித்திருந்தால் அது விடுபட்டு ஆர்பிஎம் சில நூறு ஏறும். எந்த மாற்றமும் இல்லையென்றால் அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

பேனைத் திறந்தால் என்ன தெரியும்?

காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது சாதாரணம். கருப்புத் துகள்களும் தீய்ந்த வாடையும் இருந்தால் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. பொன்னிறத் துகள் என்றால் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்கிறது. உத்தரவாதக் காலத்தில் நீங்களாகத் திறக்காதீர்கள். பட்டறையில், உங்கள் கண்முன் திறக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிப்பை நிறுத்தும் திரவம் ஊற்றலாமா?

புதிதாகக் கட்டிய பெட்டியில் கூடாது. மடங்கிய சீலையோ விட்டுப்போன செக் பாலையோ எந்தத் திரவமும் சரிசெய்யாது. உத்தரவாதமும் போகலாம்.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

சண்டையோடு ஆரம்பிக்காதீர்கள், விவரத்தோடு ஆரம்பியுங்கள். எந்த கியர், ஆயில் எவ்வளவு சூட்டில், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் என்று எழுதிக் கொண்டுபோங்கள். டேஷ்போர்டை எடுத்த ஒரு சின்ன வீடியோ, ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து தெரிந்தால், எந்த வாதத்தையும்விடப் பலமானது. அப்புறம் கேளுங்கள்: ஆயில் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள், எந்தச் சூட்டில் அளவு பார்த்தீர்கள், கூலரைக் கழுவினீர்களா, வால்வ் பாடியைச் சோதித்தீர்களா, அடாப்டேஷன் அழித்தீர்களா?

மறுபடி இறக்கவேண்டும் என்று அவர்கள் சொன்னால், அதற்குமுன் எடுத்த பிரஷர் அளவுகளை எழுத்தில் கேளுங்கள். டிரைவ், ரிவர்ஸ் இரண்டிலும், ஐடிலிலும் மிதிப்பிலும் எடுத்த அளவுகளும், பக்கத்தில் கையேடு சொல்லும் அளவுகளும் வேண்டும். இரண்டாவது முறை கட்டி முடித்ததும் அதே இடத்தில், அதே சூட்டில் மறுபடி கேஜ் மாட்டி ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.